சம்பந்திகள் போட்ட மார்க்

முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற டிரைவருக்கு அந்த ஊரில் தெரியாத தெரு கிடையாது. ஆனால் அந்தத் தெருக்களில் ஒன்றில்கூட அவர் நிதானமாகக் கால் வைத்து நடந்ததில்லை. வீட்டிலிருந்து டிப்போவுக்கு பைக், டிப்போவிலிருந்து பஸ், முடிந்ததும் மறுபடி பைக். "தரை எப்படி இருக்கும்னே இவருக்குத் தெரியாது" என்று அவர் மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். டிரைவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து, பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை நடந்து பார்த்து, இது மனுஷன் செய்கிற வேலையா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் மாநகராட்சியின் சாலைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே அந்த வருடம் புதிதாக ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. சாலை எவ்வளவு அகலம், விளக்குக் கம்பம் எத்தனை என்கிற கணக்கெல்லாம் ஏற்கெனவே கைவசம் இருந்தது. இது வேறு. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு வழி எப்படி இருக்கிறது, பயமில்லாமல் போக முடிகிறதா, போகும்போது மனசுக்கு நன்றாக இருக்கிறதா என்று ஊர்க்காரர்களையே போய்ப் பார்த்து மார்க் போடச் சொல்வது. அந்த மார்க்கைச் சிவப்பிலிருந்து பச்சை வரை வண்ணமாகப் படத்தில் ஏற்றுவது.

இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் நடந்து, ஒருவர் சைக்கிளில். நூறு மீட்டருக்கு ஒரு தடவை நின்று, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மார்க்கைப் போனில் தட்ட வேண்டும். இரண்டு பேர் போனிலும் ஒரே மார்க் வந்தால்தான் அது ஏறும். ஒருவர் மூன்று, இன்னொருவர் நான்கு என்றால் 'பேசி முடிவு செய்யவும்' என்று எழுத்து வந்து நின்றுவிடும்.

"எந்தப் புண்ணியவான் இத யோசிச்சான்?" என்று கேட்டார் டிரைவர்.

"நான்தான்பா" என்றாள் மகள்.

குடியிருப்பு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை போகிற ஏழாம் வழிக்கு மட்டும் ஆள் இல்லை. நாற்பத்திரண்டு நிறுத்தங்கள். பெயர் கொடுத்திருந்த கணவனும் மனைவியும் மூன்றாவது நிறுத்தத்திலேயே மார்க்குக்காகச் சண்டை போட்டு, ஆளுக்கொரு திசையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க நடங்கப்பா. டாக்டர் சொன்னதைக் கேட்ட மாதிரியும் ஆச்சு, எனக்கு ஒரு வேலை முடிஞ்ச மாதிரியும் ஆச்சு."

"நடக்கறேன். சைக்கிள்ல யாரு?"

மகள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"அத்தை" என்றாள் மகள்.

மகளின் மாமியார், அதாவது டிரைவருக்குச் சம்பந்தியம்மா, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. வீட்டுக்கும் கடைக்கும் இருபது வருடத்துக்கு மேலாக சைக்கிள்தான். பின்னால் ஒரு பெட்டி கட்டியிருப்பார். தயாரான கண்ணாடிகளை வழியில் உள்ள வீடுகளில் கொடுத்துக்கொண்டே போவார். உலகத்தோடு எல்லாம் கலகலவென்று பேசுகிறவர்தான். ஆனால் மூன்று வருடத்தில் டிரைவரிடம் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். கல்யாணம் பேச வந்த அன்று சிரித்துக்கொண்டேதான் படியேறினார். அரை மணி நேரத்தில் முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தால் மருமகளிடம் பேசுவார், சம்பந்தியின் மனைவியிடம் பேசுவார், டிரைவர் அறைக்குள் நுழைந்தால் கைப்பையைத் தேடுவார். 'பஸ் ஓட்டறவன் வீட்டுச் சம்பந்தம் அவங்களுக்குக் கொஞ்சம் மட்டமா இருக்கு' என்று டிரைவர் தனக்குள் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டிய பிறகு அவரும் விறைத்துக்கொண்டார்.

ஆனால் மகளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் குடியிருப்பு வாசலில் இருவரும் சந்தித்தார்கள். வணக்கம் சொன்னார்கள். முதல் நிறுத்தம் அங்கேயே, வாசலை ஒட்டிய பெரிய சாலை. டிரைவர் சாலையை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு" என்றார். "தார் போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. ரெண்டு பஸ் எதிரும் புதிருமா தாராளமா போகலாம்."

"ரெண்டு" என்றார் சம்பந்தியம்மா.

"ரெண்டா? இவ்வளவு நல்ல ரோட்டுக்கா? எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு பஸ் தாராளமா போகுதுல்ல, அதுக்குத்தான்."

டிரைவருக்குச் சுருக்கென்றது. சம்பந்தியம்மா அதைக் கண்டுகொள்ளாமல், எதிர்ப்பக்கம் இருந்த மருந்துக் கடையைக் கை காட்டினார். "ஒண்ணு செய்யுங்க சம்பந்தி. அந்தக் கடை வரைக்கும் போயிட்டு வாங்க."

இது என்ன பெரிய வித்தை என்று டிரைவர் சாலையில் இறங்கினார். இறங்கியவர் பின்வாங்கினார். மறுபடி இறங்கினார். கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. அகலமான சாலையானதால் ஒருவரும் வேகத்தைக் குறைப்பதாக இல்லை. இந்தப் பக்கம் இடைவெளி கிடைத்தால் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. நாலு நிமிடம் கழித்து, ஒரு பள்ளிப் பேருந்து நின்றுகொடுத்த புண்ணியத்தில் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். திரும்பி வர ஐந்து நிமிடம். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"மூணு போடலாம்" என்றார்.

சம்பந்தியம்மா மறுபடி மருந்துக் கடைப் பக்கம் கை காட்டினார்.

"சரி, ரெண்டு."

போன் 'டிங்' என்று ஏற்றுக்கொண்டது.

அன்று இரண்டு மணி நேரத்தில் ஒன்பது நிறுத்தம்தான் முடிந்தது. ஏழாவது நிறுத்தத்தில், நடைபாதையில் நிறுத்திவைத்த கார்களுக்காக டிரைவர் பரிந்து பேசினார். எட்டாவதில் காரைச் சுற்றிக்கொண்டு சாக்கடை மூடியின் மேல் நடக்க வேண்டிவந்ததும் பரிவு போய்விட்டது. ஒன்பதாவது நிறுத்தம் ஒரு சலவை நிலையத்தின் பின்சந்து. எந்த பஸ்ஸும் நுழைய முடியாத சந்து என்பதால் அப்படி ஒன்று இருப்பதே டிரைவருக்குத் தெரியாது. ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே நாலைந்து பேர் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். சூடான துணியின் வாசனை சந்து முழுக்க நிறைந்திருந்தது. மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

"அஞ்சு" என்றார்கள் சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில்.

போன் ஏற்றுக்கொண்டது. சம்பந்தியம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, டிரைவரைப் பார்த்ததும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார். "எப்படி இருந்தது?"

"வழியா, சம்பந்தியா?"

"ரெண்டுந்தான்."

"வழி பரவாயில்லை" என்றார் டிரைவர். அன்று மத்தியானம் அவருக்கு அப்படி ஒரு தூக்கம்.

மறுநாள் பத்தாவது நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பதின்மூன்றாவது வரை பெரிய சண்டை இல்லை. பதினான்காவது நிறுத்தத்தில் வழி பிரதான சாலைக்குள் புகுந்தது. அங்கே ஒரு பக்கம் முழுக்கப் பழைய தானியக் கிடங்கின் மதில்சுவர். சுவரை ஒட்டியபடியே சாலை வளையும். கிடங்கு வளைவு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸைப் பதினோரு வருடம் அந்த வளைவில் திருப்பியவர் அவர்.

"நாலு" என்றார். "வளைவுன்னு பேருதான். கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பலாம்."

"ஒண்ணு" என்றார் சம்பந்தியம்மா. குரல் வழக்கத்தைவிட இறுகியிருந்தது.

டிரைவர் மூன்றுக்கு இறங்கினார். அந்த அம்மா ஒன்றிலிருந்து அசையவில்லை. போன் ஐந்தாவது தடவையாகப் 'பேசி முடிவு செய்யவும்' என்றது. சம்பந்தியம்மா சைக்கிளிலிருந்து இறங்கி, கைப்பிடியை டிரைவர் பக்கம் நீட்டினார்.

"பேசிப் பிரயோஜனம் இல்ல. நீங்க ஏறுங்க. வளைவைத் தாண்டினதும் பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அது வரைக்கும் போங்க. நான் நடந்து வரேன்."

டிரைவர் சைக்கிள் மிதித்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் பன்னிரண்டு மீட்டர் வண்டியைத் திருப்பிய கைக்கு இது எம்மாத்திரம்? ஏறினார். முதல் பத்தடிக்கு சைக்கிள் தண்ணி போட்டவன் மாதிரி போனது. பிறகு நேராகியது. காற்று முகத்தில் பட்டது. அட, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தார்.

வளைவில் பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து ஒரு உறுமல் வந்தது. அது எந்த நம்பர் பஸ், எந்த கியரில் வருகிறது என்பதுகூட அவருக்குக் காதிலேயே தெரிந்தது. ஆனால் அது எங்கே வருகிறது என்பது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சைக்கிள் சாயும். சுவருக்கும் தனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த நேரத்தில் காதுக்குள் யாரோ ஊதின மாதிரி ஹாரன் அடித்தது. நீலநிறத் தகரச் சுவர் ஒன்று தோளுக்குப் பக்கத்தில் நீண்டுகொண்டே போனது. முடியவே முடியாது போலிருந்தது. டிரைவர் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, மதிலில் தோளைச் சாய்த்து நின்றுவிட்டார். முழங்கால் வெடவெடத்தது. பயம் கோபமாக வெளியே வந்தது. போகிற பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ்! வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

வளைந்து போகிற பஸ்ஸின் டிரைவர் சீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து உற்சாகமாக ஆட்டிவிட்டுப் போனது. அது மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள். டிப்போவில் இவருக்குப் பத்து வருடம் ஜூனியர். பழைய சிநேகிதரைப் பார்த்த சந்தோஷத்தில் ஹாரன் அடித்திருக்கிறான்.

சம்பந்தியம்மா வேகமாக நடந்து வந்தார். பக்கத்தில் வந்தவர், "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் அப்படியே நின்று இவரையே பார்த்தார்.

"என்ன சம்பந்தி?"

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே வளைவுல, ஒரு பத்தொன்பதாம் நம்பர் பஸ் என்னை இந்தச் சுவத்துல தள்ளிச்சு. இடிக்கல. ஒதுக்கிச்சு. நான் முழங்கை அடிபட விழுந்தேன். பெட்டி திறந்து பதினேழு மூக்குக்கண்ணாடி ரோட்டுல சிதறிச்சு. அந்த டிரைவர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து ஒரு வார்த்தை கேட்டாரு. இப்ப நீங்க கேட்டீங்களே, அதே வார்த்தை. இதே குரல்."

டிரைவர் மதிலிலிருந்து தோளை எடுத்தார்.

"கல்யாணம் பேச வந்தப்போ என் பையன் கடைசியா உள்ள வந்தான். நீங்க தமாஷா அவன்கிட்ட, 'என்ன மாப்ள, வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு முழங்கை வலிச்சுது."

கிடங்கு வாசலில் இரண்டு கல்படி இருந்தது. டிரைவர் போய் அதில் உட்கார்ந்தார். மூன்று வருடமாகத் தான் கட்டிவைத்திருந்த முடிவு பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த நாளை ஞாபகத்தில் துழாவிப் பார்த்தார். எவ்வளவோ சைக்கிள்கள், எவ்வளவோ காலைகள். எதுவும் அகப்படவில்லை. ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொல்லலாம், நான் இல்லை என்றும் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"நானாத்தான் இருக்கணும்" என்றார் கடைசியில். "அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரைக் கேப்பேன். ஆனா சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல சம்பந்தி. அதுதான் எனக்கே அசிங்கமா இருக்கு."

"உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நீங்க போயிட்டீங்க. நான்தான் இங்க உக்காந்து கண்ணாடி பொறுக்கிட்டிருந்தேன்."

"மன்னிச்சிடுங்க" என்றார் டிரைவர். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் அது முனகலாகத்தான் வந்தது. மறுபடி தெளிவாகச் சொன்னார்.

சம்பந்தியம்மா பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "கேட்டா கல்யாணத்துல குழப்பம் வரும்னு வாயை மூடிட்டேன். மூடினது மூடினதாவே போச்சு. அப்பவே கேட்டிருக்கலாம்." பிறகு இவருடைய முழங்காலைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பலாம்னீங்களே!"

டிரைவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, போனை எடுத்தார். "இதுல சைபர் இல்லையா?"

"இல்ல. ஒண்ணுதான் கடைசி."

ஒன்று ஏறியது. மார்க்குக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசை கெட்டவன் இல்ல" என்றார். "நானும் வேணும்னு ஒதுக்கல. வளைவு முடிஞ்ச உடனே பஸ் ஸ்டாப். அங்க வண்டியை நேரா நிறுத்தணும்னா வளையும்போதே ஓரத்துக்கு வந்தாகணும். வரலைன்னா பின்பக்கம் ரோட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும், பின்னாடி வரவன் கத்துவான். அதனால எல்லா டிரைவரும் சுவத்தை ஒட்டித்தான் வருவோம். அந்த ஸ்டாப்பை ஒரு நாப்பது மீட்டர் தள்ளி வெச்சா, வளைவுல பஸ் நடுவுலயே வரும். ஓரம் சைக்கிளுக்கு."

"இத ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல." கொஞ்சம் யோசித்து, "எனக்கும் அதுல கஷ்டம் ஒண்ணும் இல்லையே" என்றார்.

கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு மேல் இடமில்லை. டிரைவர் அடுத்தடுத்த மூன்று நிறுத்தங்களின் கட்டங்களிலும் 'தொடர்ச்சி' போட்டு எழுதித் தள்ளினார். சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, இது என்ன தொடர்கதையா?" என்று ஆரம்பித்தவள், முழுவதையும் படித்துவிட்டு, "நாளைக்கு எங்க மேலதிகாரியைக் கூட்டிட்டு அங்க வரேன்" என்றாள்.

மறுநாள் டிரைவர் டிப்போவுக்குப் போனார். மீசை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே! சைக்கிள்ல பாத்தேனே! வணக்கம் சொன்னேனே!"

"உன் வணக்கத்துல நான் சுவத்துல போஸ்டர் மாதிரி ஒட்டிக்கிட்டேன்டா."

விஷயத்தைச் சொன்னதும் மீசைக்கு முகம் விழுந்துவிட்டது. பத்தொன்பதாம் நம்பர் ஓட்டுகிற பதினான்கு பேரிடமும் அவனே கையெழுத்து வாங்கினான். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்த ஸ்டாப்பில் நிறுத்துவது தலைவலி, எவனாவது தள்ளி வைத்தால் அவனுக்குக் கோயில் கட்டலாம். மேலதிகாரி வளைவில் அரை மணி நேரம் நின்று பஸ்களை எண்ணினார். மூன்று வாரத்தில் ஸ்டாப் கம்பம் இடம் மாறியது. தினமும் அங்கே ஏறுகிற இரண்டு பேர், நாற்பது மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது என்று புகார் எழுதினார்கள். அதையும் மகள் பத்திரமாகக் கோப்பில் வைத்தாள்.

இதற்குள் சம்பந்திகள் மீதி நிறுத்தங்களையும் முடித்திருந்தார்கள். சண்டை குறையவில்லை. ரயில் நிலையத்து மேம்பாலப் படிக்கட்டுக்காக மட்டும் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆனால் இப்போது இடையிடையே டீ இருந்தது. டிரைவரின் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் அது மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டிருந்தார், யாரும் அவரைத் திருத்தவில்லை.

வரைபடம் வெளிவருவதற்கு முன் சம்பந்தியம்மா சைக்கிளில் கிடங்கு வளைவை மூன்று தடவை சுற்றி வந்தார். "மூணு" என்றார். "அதுக்கு மேல கேக்காதீங்க." படத்தில் அந்தத் துண்டு சிவப்பிலிருந்து மஞ்சளாயிற்று.

டிப்போ மேலாளர் விவரமான ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர்களையெல்லாம் மைதானத்துக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு தடவை சைக்கிளில் ஏற்றி, பக்கத்தில் பஸ்ஸை ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தார். தரையில் சாக்பீஸால் கோடு போடுகிற வேலை சம்பந்தியம்மாவுக்கு. கோடு ஒரு விரற்கடை கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி போட்டார். முதலில் ஏறின மீசை, பஸ் வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டான். மைதானமே சிரித்தது. ஆனால் பஸ் கடந்து போன பிறகு இறங்கி வந்த ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

எல்லாம் முடிந்ததும் சம்பந்தியம்மா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, நிறுத்தியிருந்த பஸ்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"நான் அங்க ஏறி உக்காரலாமா?"

டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா ஏறி சீட்டில் உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை. டிரைவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸின் பக்கவாட்டில் மெதுவாக நடந்தார்.

"இப்ப தெரியறேனா?" என்று கத்தினார்.

"தெரியுது."

இன்னும் இரண்டடி வைத்தார். "இப்ப?"

மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கிற கண்கள் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மேலும் கீழும் தேடின. பிறகு ஜன்னல் வழியே தலை வெளியே வந்தது.

"எங்க போயிட்டீங்க சம்பந்தி? ஆளையே காணோமே!"

"இங்கதான் நிக்கறேன். பக்கத்துலயே."

சம்பந்தியம்மா கீழே குனிந்து அவரைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். "இத யாரு மாட்டினது? வளைவே தப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா குவிஞ்சிருந்தா நீங்க நிக்கற இடம் அப்படியே தெரியும்." கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். "மேலாளரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. நான் இறங்கல. அளவு எடுக்கணும்."